ஒரு பச்சைப் பயறும் இரண்டு டயர்களும்

எங்கள் அடுக்குமாடியில் கார் நிறுத்த யாருக்கும் சொந்த இடம் கிடையாது. முதலில் வருகிறவருக்கு முதல் இடம் என்பது விதி. விதியை யாரும் மதிப்பதில்லை என்பது வழக்கம். எங்கள் ஊரான பாயான் பாருவில் இந்தப் பக்கத்து பிளாட்டுகளில் எல்லாம் இதே கதைதான். காரை எடுத்துக்கொண்டு வெளியே போகிறவர், திரும்பி வரும்வரை அந்த இடத்தில் எதையாவது வைத்துவிட்டுப் போவார். கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, காய்ந்த செடியோடு பூந்தொட்டி, குழந்தை வளர்ந்துவிட்ட வீட்டின் தள்ளுவண்டி. ஒரு சீனக் குடும்பம் பழைய சாமி மேடை ஒன்றை வைத்திருந்தது. அதைத் தள்ளி வைக்கும் துணிச்சல் எந்த மதத்துக்காரருக்கும் வரவில்லை. இந்தப் போட்டியில் அவர்களுக்குத்தான் முதல் பரிசு.

மூன்றாம் மாடி அங்கிள் வைப்பது பெயிண்ட் டின். அதில் சிமெண்டை ஊற்றி, நடுவே ஒரு குழாயை நட்டு, குழாயின் உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். லிப்டுக்கு மிக அருகில் இருக்கும் இடம்தான் அவருடைய இடம். ஏன் அவருடையது என்று கேட்டால், அவர் நிறுத்துவதால். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அவர் பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் சிங்கப்பூரில். தண்ணீர் விஷயத்தில் அவருக்கு உறுதியான கொள்கைகள் உண்டு. தைப்பூசத்தன்று தார் ரோடு கொதிக்கும்போது, காவடி தூக்கி வருகிறவர்களின் காலில் தண்ணீர் ஊற்றுவதற்காக நாள் முழுக்க வெயிலில் குனிந்து நிற்பார். யார், என்ன என்று முகத்தைப் பார்க்க மாட்டார். காலை மட்டும் பார்ப்பார். அதே மனிதர், மேல்வீட்டுத் துணியிலிருந்து தன் வராந்தாவில் ஈரம் சொட்டியது என்பதற்காக அந்த வீட்டின் மெயின் பைப்பை மூடிவிட்டு, அந்த அம்மாள் தலையில் ஷாம்பு நுரையோடு வெளியே வந்து கத்தும்வரை படியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

அவர் இடத்தில் யாராவது காரை நிறுத்தினால் சண்டை போட மாட்டார். டயரில் காற்று அடிக்கும் வால்வுக்கு ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றி, உள்ளே ஒரு பச்சைப் பயறை வைத்து, மறுபடி திருகிவிடுவார். பயறு உள்ளே இருக்கும் ஊசியை அழுத்திக்கொண்டே இருக்கும். காற்று சத்தமில்லாமல் இறங்கிவிடும். பயறு வைப்பது அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பார்த்ததில்லை.

என் வேலை எலக்ட்ரானிக் பேக்டரியில். பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச் சின்ன சர்க்யூட் அட்டைகளைப் பார்த்து, நல்லதைப் பச்சைத் தட்டிலும் கெட்டதைச் சிவப்புத் தட்டிலும் போட வேண்டும். வருஷக்கணக்கில் இதையே செய்தால் ஆட்களையும் அப்படித்தான் பார்ப்போம். மூன்றாம் மாடி அங்கிளை நான் என்றைக்கோ சிவப்புத் தட்டில் போட்டாயிற்று.

பச்சைத் தட்டில் இருந்தவர் என் அப்பா. அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. கடையில் அதிகமாகச் சில்லறை கொடுத்துவிட்டால் பஸ் பிடித்துத் திரும்பப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். ‘நல்ல மனுஷன்’ என்பது அவருடைய பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட பட்டம் மாதிரி ஆகிவிட்டது. அம்மா போன பிறகு அவருக்குச் சிறுநீரகமும் போனது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கும் மையத்துக்குப் போக வேண்டும். கையில் இரண்டு பெரிய ஊசி, அரை நாள் அசையாமல் உட்கார வேண்டும், குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. ஒரு கட்டத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. அழவில்லை, திட்டவில்லை. “போதும்மா, நான் வரலம்மா” என்று மெதுவாகச் சொன்னார். நல்ல மனிதர்களிடம் இது ஒரு தொல்லை. அவர்களோடு சண்டைகூடப் போட முடியாது.

தொடர்ந்து சில தடவை போகாமல் விட்டால் நுரையீரலில் நீர் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவரைக் கெஞ்சி, மிரட்டி, சட்டையை நானே மாட்டிவிட்டு அழைத்துப்போவேன். ஏற்கெனவே ஒரு தடவை போகாமல் விட்டிருந்தோம். அடுத்ததையும் விட முடியாது.

அப்படியொரு நாள்தான் இரவு வேலை முடிந்து காலையில் வந்தேன். லிப்டுக்குப் பக்கத்து இடத்தில் பெயிண்ட் டின் மட்டும் நின்றது. அதை உருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு என் காரை நிறுத்தினேன். தள்ளும்போது அதைத் திட்டவும் செய்தேன். மேலே போய்க் குளித்து, அப்பாவோடு வழக்கமான சண்டையைப் போட்டு, அவரைக் கீழே அழைத்து வந்தால், முன் டயர் தரையோடு தரையாகக் கிடந்தது.

அப்பாவின் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

“பாத்தியா, சாமியே வேணாங்குது” என்றார்.

அப்போது அங்கிள் கையில் ரொட்டியோடு வந்தார். டயரைப் பார்த்தார். “ஐயையோ, காத்து போயிருச்சே” என்றார். அந்தக் குரலில் இருந்த வருத்தம் உண்மையானது. இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். “எங்கம்மா, ஆஸ்பத்திரிக்கா? அண்ணே, வாங்க, என் கார் இருக்குலா. தங்கச்சி, நீ போயி தூங்கு. கண்ணப் பாரு, எப்படி செவந்து கெடக்கு.”

அப்பாவால் என்னிடம் மாட்டேன் என்று சொல்ல முடியும். வெளியாளிடம் சொல்ல முடியாது. நல்லவர்களுக்கு அது வராது. பேசாமல் போய் அங்கிள் காரில் ஏறிக்கொண்டார்.

டயரைப் பார்க்கக் குனிந்தேன். மூடியைக் கழற்றியதும் பச்சைப் பயறு என் உள்ளங்கையில் விழுந்தது. என் காரின் முன்கண்ணாடியில் ஒரு கேமரா ஒட்டியிருக்கிறது. கார் நிற்கும்போதும் எதிரே யாராவது நடமாடினால் தானாகப் பதிவு செய்துகொள்ளும். போனில் போட்டுப் பார்த்தேன். அங்கிள் வருகிறார். சுற்றிலும் பார்க்கிறார். டயர் பக்கம் உட்கார்ந்து மறைகிறார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கைகளைத் தட்டிக்கொண்டு, என் கார்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து முடியைச் சரிசெய்துகொள்கிறார். நேராகக் கேமராவைப் பார்த்து. வழுக்கைத் தலையில் அப்படிச் சரிசெய்ய ஒன்றுமில்லை.

குடியிருப்போர் சங்கம் இப்படியொரு படத்துக்காகத்தான் காத்திருந்தது. சங்கத் தலைவர் மூன்று கார்களை நிறுத்துகிறவர். ஆனாலும் நியாயமானவர். ஆதாரம் கிடைத்தால் போலீசில் புகார் கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே போய்த் தூங்கி எழுந்து, அனுப்பலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் அப்பா வந்துவிட்டார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேசிக்கொண்டிருந்தார். அங்கிள் அரை நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். தாகத்துக்கு ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாராம். பஸ் ஓட்டிய காலத்துக் கதையெல்லாம் சொன்னாராம். “அடுத்த தடவையும் அவனே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டான்” என்றார் அப்பா. அடுத்த தடவை. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அதன்பிறகு அங்கிள்தான் அழைத்துப்போனார். பெட்ரோலுக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் முறைத்தார். அப்பா தானே சட்டை போட்டுக்கொண்டு, நேரத்துக்கு முன்பே வாசலில் உட்கார்ந்திருந்தார். மற்ற நாட்களிலும் இருவரும் சேர்ந்து பசாருக்கும் கோயிலுக்கும் போனார்கள். திரும்பி வரும்போது அப்பாவுக்கு நடக்கத் தெம்பிருக்காது என்பதால், லிப்ட் பக்கத்து இடத்தை அங்கிள் முன்னைவிடக் கண்டிப்பாகக் காவல் காத்தார். அப்படியானால் பயறு இப்போது எங்கள் நன்மைக்காகத்தான் வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. “வாங்க அங்கிள், கொப்பி குடிங்க” என்பேன். அவர் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்பார். படம் என் போனிலேயே இருந்தது. அவரை எந்தத் தட்டில் போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அப்பா சமையலறையில் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா வேணும்?”

“பச்சப் பயறு எங்க வெச்சிருக்க?”

பாயசத்துக்கு ஆசைப்படுகிறார் போல என்று நினைத்தேன். பயறெல்லாம் உங்களுக்கு ஆகாது, பொட்டாசியம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். சரிம்மா என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம், டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லும் நாள் என்பதால் நானும் லீவு போட்டுவிட்டு அவர்களோடு மையத்துக்குப் போனேன். அப்பாவுக்கு ஊசி போடுவது ஒரு தமிழ்ப் பெண். சின்ன வயது, எப்போதும் முகக்கவசம், தலையில் தொப்பி. அப்பாவின் நரம்பு எங்கே ஓடுகிறது என்று அவளுக்குத்தான் தெரியும். வேறு யார் வந்தாலும் குத்திக் குத்திக் கையைக் கருக்க வைத்துவிடுவார்கள் என்று அவளைத் தவிர யாரிடமும் அப்பா கை நீட்ட மாட்டார். அன்று அவள் வரவில்லை. மற்ற நாற்காலிகளில் எல்லாம் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. அப்பா காத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அவள் ஓடி வந்தாள். யூனிபார்ம் முழுக்க வியர்வை.

“சாரி அங்கிள், மன்னிச்சிக்கிங்க” என்று கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள். “இப்பதான் பாயான் பாரு பக்கம் வூடு மாறி வந்தேன். நேத்து மழையில லிப்டுகிட்ட ஒரு எடம் இருந்துச்சு, அங்க கார வெச்சேன். காலையில பாத்தா டயர் பிளாட். எவனோ மூடிக்குள்ள கச்சாங் ஹிஜாவ் வெச்சிருக்கான் அங்கிள். பயறு! இத சமைச்சித் திங்க மாட்டானுங்களா?”

அவள் அப்பாவின் இடது கையைத் தன் மடியில் வைத்து, நரம்பைத் தடவித் தேடினாள். குழந்தையின் கையைப் பிடிப்பது போலத்தான் பிடித்திருந்தாள்.

“எவன்னு மட்டும் தெரியட்டும், கைய ஒடைச்சிருவேன்” என்றாள். ஊசி உள்ளே போனது. “வலிக்குதா அங்கிள்?”

“இல்லம்மா” என்றார் அப்பா.

நான் அங்கிளைப் பார்த்தேன். அவர் ஓடாத டிவியை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கண்களை மூடிக்கொண்டார். பாவம், இந்தப் பெண்ணுக்காக எவ்வளவு வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இவர் எப்பேர்ப்பட்ட ஆளோடு சிநேகமாக இருக்கிறார் என்று இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்றும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் காரில் ஏறி உட்கார்ந்தேன். முந்தின நாள் சாயங்காலம் என் கார் அந்த இடத்துக்கு நேரெதிரே நின்றிருந்தது. எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருந்தது. மழை கொட்டுகிறது. அங்கிள் குடை பிடித்துக்கொண்டு வருகிறார். குடைக்குள் இன்னொருவர். அந்தப் பெண்ணின் வெள்ளைக் கார் பக்கத்தில் வந்து இருவரும் நிற்கிறார்கள். பெயிண்ட் டின் ஓரமாக உருட்டிவிடப்பட்டுக் கிடக்கிறது. அங்கிள் குடையைச் சாய்த்து, இரண்டு பக்கமும் பார்த்துக் காவல் நிற்கிறார். இன்னொருவர் காரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லக் குனிந்து, டயருக்குப் பக்கத்தில் குந்துகிறார்.

என் அப்பா.

கீழே விழுந்த செய்தித்தாளை எடுக்கக்கூட என்னைக் கூப்பிடுகிற மனிதர். மூடியைக் கழற்றுகிறார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுக்கிறார். வைக்கிறார். திருகுகிறார். எழுந்திருக்க முடியவில்லை. அங்கிள் குடையைக் கீழே போட்டுவிட்டு, அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறார். இருவரும் மழையில் நனைகிறார்கள். படத்தில் சத்தம் கிடையாது. ஆனால் இருவரும் எப்படிச் சிரிக்கிறார்கள் என்பது நன்றாகவே தெரிகிறது. அப்பா அங்கிளின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறார்.

அடுத்த முறை போக வேண்டிய நாளில் அப்பா சட்டை போடவில்லை. அங்கிள் வந்து கதவைத் தட்டியபோது, “நான் வரல, நீ போ” என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார். பழைய மெதுவான குரல். பழையபடி ஒவ்வொரு தடவையாக விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். ஒரு பச்சைப் பயறுக்காக என் அப்பா சாகப்போகிறார் என்று தோன்றியது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“நான் பாத்துட்டேன்ப்பா. கேமராவுல.”

அவர் மேசை விரிப்பில் இருந்த பூவை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“யாருகிட்டயும் காட்ட மாட்டேன். அழிச்சிட்டேன்.”

“ரெண்டையுமா?” என்றார்.

அங்கிள் என் டயரில் பயறு வைத்ததும் பதிவாகியிருக்கும் என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார்.

“மொத நாளே சொல்லிட்டாம்மா, கார்ல போறப்பவே. சிவப்பு லைட்டுல நிக்கிறோம், திடீர்னு சொல்றான். ‘அண்ணே, உங்க மக கார் காத்த நான்தாண்ணே எறக்குனேன். உங்களுக்கு ஒடம்பு சொகமில்லன்னு தெரியாது. வேணும்னா ஒரு அறை விடுங்க’ன்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பச்சை விழுந்து பின்னாடி எல்லாம் ஹாரன் அடிக்கிறானுங்க, நாங்க சிரிச்சிக்கிட்டு இருக்கோம். உங்கம்மா போனதுக்கு அப்பறம் நான் சிரிச்சது அன்னிக்குத்தான்.”

“அதுக்குன்னு அந்தப் பொண்ணு டயர்ல…”

“அது அந்தப் பிள்ள கார்னு சத்தியமா தெரியாது.”

“யாரு காரா இருந்தா என்ன? ஏம்ப்பா செஞ்சீங்க?”

யோசித்தார். பொய் சொல்வதற்காக யோசிக்கவில்லை. பதிலைத் தேடுவதற்காக யோசித்தார்.

“வாழ்க்கையில ஒரு தடவையாவது செஞ்சி பாக்கணும் போல இருந்துச்சும்மா” என்றார். “எல்லாரும் பாவம் நல்ல மனுஷன், பாவம் நல்ல மனுஷன்னுதான் பாக்கறாங்க. செத்துப் போனவனப் பத்திப் பேசற மாதிரி. அவன் ஒருத்தன்தான் ‘அண்ணே, பயறு இருக்கா’ன்னு கேட்டான்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இத்தனை மாதம் நான் மாட்டிவிட்ட சட்டைகள், சமைத்த உப்பில்லாத சோறு, கெஞ்சிய கெஞ்சல், எதுவும் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பவில்லை. ஒரு அயோக்கியத்தனம் எழுப்பியிருக்கிறது.

“அந்தப் பிள்ள மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவ கையால எப்படி ஊசி போட்டுக்கறது?” என்றார்.

“போயி உக்காந்து கைய நீட்டுங்க. அதான் தண்டன” என்று கத்தினேன். அப்பாவிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சட்டையை எடுத்தார். அங்கிள் எங்கேயும் போயிருக்கவில்லை. லிப்ட் பக்கத்தில் நின்று எங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மையத்தில் நடந்ததை அங்கிள்தான் எனக்குச் சொன்னார். கொப்பியை ஆற்றிக்கொண்டே, நடித்துக் காட்டினார்.

“அந்தப் பிள்ள வந்துச்சு. அண்ணன் ஒடனே சொல்லிட்டாரு. ‘அம்மா, ஒன் டயர்ல பயறு வெச்சது நான்தான்.’ நான் சொன்னேன், இல்லம்மா, சொல்லிக் குடுத்தது நான், என்னைய அடி. அவ எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கறா. அப்பறம் கேட்டா, ‘எந்தக் கையால வெச்சீங்க அங்கிள்?’ அண்ணன் எடது கைய நீட்டுனாரு. அவ புடிச்சா. குத்துனா. ஒரே குத்து, சரியா உள்ள போயிருச்சு. ஆனா அன்னிக்கு வலிக்குதான்னு மட்டும் கேக்கல.”

இப்போது லிப்ட் பக்கத்து இடத்தில் அந்தப் பெண்ணின் வெள்ளைக் கார் நிற்கிறது. அவள் வேலைக்குப் போனதும் அங்கிள் டின்னை உருட்டிக்கொண்டு வந்து அவளுக்காக அங்கே வைத்துவிடுகிறார். வேறு யாராவது நிறுத்தினால் என்ன செய்கிறார் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. அங்கிளும் அப்பாவும் தூரத்தில் காரை நிறுத்திவிட்டு வருகிறார்கள். அப்பா வழியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடக்கிறார். மூவரும் சேர்ந்து போகும் நாட்களும் உண்டு. அவள் இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே லிப்டைப் பிடித்து வைத்திருப்பாள்.

அப்பாவிடம் நான் சொன்னது பொய். முதல் படத்தை மட்டும்தான் அழித்தேன். இரண்டாவது இன்னும் என் போனில் இருக்கிறது. அதில் பயறு வைத்தது அவருடைய வலது கை. ஊசி ஏறுகிற இடது கையைத்தான் அவளிடம் நீட்டியிருக்கிறார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் அதில் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். இது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. பேக்டரியில் சாப்பாட்டு நேரத்தில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அதைப் போட்டுப் பார்ப்பேன். குனிவதையும் திருகுவதையும் தள்ளிவிட்டு, அவர் எழுந்து நிற்கும் இடத்துக்குப் போய்விடுவேன். அங்கே என் அப்பா மழையில் நனைந்துகொண்டு சிரிக்கிறார்.